பழைய கணினியில் தரவுத்தள மென்பொருள் நிறுவும்போது எழும் நினைவகப் பிழைகள்: காரணம் கண்டு தீர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர், ஆரக்கிள் போன்ற தரவுத்தள மென்பொருள் ஒன்றைப் பழைய கணினியில் நிறுவ முற்படும்போது, முக்கால்வாசி வேலை முடிந்த நிலையில் ‘போதிய நினைவகம் இல்லை’ என்ற செய்தியோடு நிறுவல் நின்றுவிடுவது பலரும் சந்தித்த அனுபவம். உடனே மனத்தில் தோன்றுவது ரேம் கூட்ட வேண்டும் என்பதுதான். ஆனால் அந்த ஒரே செய்திக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஐந்து கோளாறுகளில் ஏதேனும் ஒன்று இருக்கலாம். ரேம் உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். ரேம் இருந்தும் 32 பிட் முகவரி வெளிக்குள், அதாவது ஒரு நிரலால் சுட்டக்கூடிய நினைவக எல்லைக்குள், இடமில்லாமல் போயிருக்கலாம். ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கப்படும் இடம் (விண்டோஸில் பேஜ் ஃபைல், லினக்ஸில் ஸ்வாப்) சிறியதாக இருக்கலாம். தரவுத்தளம் தன் தொடக்க அமைப்பின்படி அந்தக் கணினியின் சக்திக்கு மீறிக் கேட்டிருக்கலாம். ரேம் சில்லே பழுதுபட்டிருக்கலாம். ஐந்துக்கும் மருந்து வெவ்வேறு. புதிய ரேம் வாங்கிப் பொருத்திய பின்பும் அதே பிழை வருகிறது என்று கலங்குபவர்களிடம் கேட்டால், எந்தக் கோளாறு என்று பாராமலே மருந்து கொடுத்திருப்பது தெரியவரும். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் நோயை அறிவதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

படி 1: பிழைச் செய்தியை முழுமையாகப் படியுங்கள்

திரையில் தோன்றும் பெட்டி, நடந்ததன் கடைசி வரியை மட்டுமே காட்டும். முழு வரலாறும் பதிவுக் கோப்பில், அதாவது லாக் ஃபைலில் இருக்கும். எஸ்கியூஎல் சர்வர் தன் நிறுவல் கோப்புறைக்குள் ‘செட்டப் பூட்ஸ்டிராப்’ என்னும் துணைக் கோப்புறையில் ‘லாக்’ என்ற பெயரில் பதிவுகளைச் சேர்த்து வைக்கிறது. அதிலுள்ள ‘சம்மரி’ கோப்பை முதலில் திறக்க வேண்டும். விண்டோஸில் இயங்கும் மைஎஸ்கியூஎல் தன் தரவுக் கோப்புறையில், கணினியின் பெயரும் ‘இஆர்ஆர்’ என்ற பின்னொட்டும் கொண்ட கோப்பில் எழுதுகிறது. அந்தக் கோப்புறை ‘புரோகிராம்டேட்டா’ என்னும் மறைந்த கோப்புறைக்குள் இருப்பதால், மறைந்தவற்றைக் காட்டும் தெரிவை எக்ஸ்ப்ளோரரில் இயக்கிக்கொள்ள வேண்டும். லினக்ஸில் ‘ஜர்னல்சிடிஎல்’, ‘டிமெசேஜ்’ ஆகிய இரு கட்டளைகளும் பெரும்பாலும் போதுமானவை.

பதிவைத் திறந்ததும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். நினைவகத்தைக் கேட்டது யார்? எவ்வளவு கேட்டது? மைஎஸ்கியூஎல் பதிவுகளில் அடிக்கடி காணப்படும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: 137363456 பைட் ஒதுக்க முயன்று தோற்றதாகவும், பிழை எண் 12 என்றும் அது சொல்லும். எண் 12 என்பது லினக்ஸில் நினைவகம் கிடைக்கவில்லை என்பதற்கான குறியீடு. 137363456 பைட்டை எம்பி கணக்கில் மாற்றினால் சரியாக 131 வருகிறது. மைஎஸ்கியூஎல்லுக்குள் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி இயங்குபொறி, தரவை ரேமில் தற்காலிகமாக வைக்கும் இடமே பஃபர் பூல்; அது இயல்பாகக் கேட்பது 128 எம்பி. மீதி 3 எம்பி அதை நிர்வகிப்பதற்கான கூடுதல் இடம். இவ்வளவு சிறிய கோரிக்கையே நிறைவேறவில்லை என்றால், அந்த நொடியில் கணினி ஏறக்குறைய முழுவதுமாக நிரம்பியிருந்தது என்று பொருள். மாறாக, பதிவில் 1500 எம்பி போன்ற பெரிய எண் இருந்தால், குற்றம் கணினியின்மீது அல்ல, கேட்ட அமைப்பின்மீதுதான் இருக்கிறது. ஓர் எண்ணைப் படித்து வகுத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அது மிச்சப்படுத்தும் நேரமோ பல மணி.

விண்டோஸ் தரும் பிழை எண்களும் இதேபோல் வழி காட்டும். எண் 8 என்பது பொதுவான நினைவகப் பற்றாக்குறை. எண் 1455 என்பது பேஜ் ஃபைல் சிறியதாக இருப்பதைத் தெளிவாகவே சொல்கிறது. ‘ஆப்ஜெக்ட் ஹீப்’புக்கு இடம் ஒதுக்க இயலவில்லை என்று வந்தால், தடுமாறுவது தரவுத்தளம் அன்று, ஜாவாவில் எழுதப்பட்ட நிறுவும் நிரல். 32 பிட் ஜாவா, தனக்கான இடத்தை இடைவெளியின்றி ஒரே தொடர்ச்சியாகக் கேட்பதால், ரேம் காலியாக இருக்கும்போதும் இந்தப் பிழை எழலாம். லினக்ஸில் எந்தச் செய்தியும் இல்லாமல் நிறுவல் சட்டென்று மறைந்து, வெளியேறும் குறியீடு 137 என்று காட்டினால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அந்த நிரலைத் தானே கொன்றிருக்க வாய்ப்பு மிகுதி. 128 என்ற அடிப்படையோடு 9 என்ற கட்டாய நிறுத்தக் குறியீடு சேர்ந்ததே 137. ‘டிமெசேஜ்’ வெளியீட்டில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி இருந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

படி 2: கணினியின் உண்மையான எல்லைகளை அறியுங்கள்

மூன்று விவரங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: பொருத்தப்பட்ட ரேம், இயங்குதளம் பயன்படுத்தக்கூடிய ரேம், இயங்குதளம் 32 பிட்டா 64 பிட்டா என்பது. விண்டோஸில் கணினியின் ‘சிஸ்டம்’ பக்கத்திலும், லினக்ஸில் ‘ஃப்ரீ’, ‘எல்எஸ்சிபியூ’ கட்டளைகளிலும் இவை கிடைக்கும்.

பொருத்தப்பட்டது 4 ஜிபி, பயன்படக்கூடியது 3.2 ஜிபி என்று காட்டினால் சில்லில் பழுதென்று அஞ்ச வேண்டாம். 32 பிட் முகவரியால் சுட்டக்கூடிய மொத்த அளவு 4 ஜிபி. வரைகலை அட்டை, பிணைய அட்டை முதலிய சாதனங்களுக்கான முகவரிகளும் அதற்குள்ளேயே இடம்பெற வேண்டியிருப்பதால் ரேமின் ஒரு பகுதி எட்டாமல் போகிறது. அதைவிட முக்கியமான எல்லை ஒன்று உண்டு. 32 பிட் விண்டோஸில் ஒவ்வொரு நிரலுக்கும் இயல்பாகக் கிடைக்கும் முகவரி வெளி 2 ஜிபி மட்டுமே. எஞ்சிய 2 ஜிபி கெர்னலுக்கு உரியது. இதை 3 ஜிபி வரை நீட்டும் அமைப்பு ஒன்று இருந்தாலும், அது கெர்னலின் பங்கைப் பாதியாகக் குறைத்துவிடும். பழைய இயக்கி நிரல்கள் அதனால் நிலைகுலையக்கூடும் என்பதால், அதை முதல் தீர்வாக நான் பரிந்துரைப்பதில்லை.

64 பிட் இயங்குதளத்திலும் பயன்படக்கூடிய ரேம் குறைவாகக் காட்டினால் மூன்று இடங்களைப் பாருங்கள். ‘எம்எஸ்கன்ஃபிக்’ கருவியின் பூட் பகுதியில் ‘மேக்சிமம் மெமரி’ பெட்டி குறியிடப்பட்டிருந்தால் அதை நீக்க வேண்டும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ‘மெமரி ரீமேப்’ என்ற தெரிவு அணைந்திருந்தால் இயக்க வேண்டும். தாய்ப்பலகையோடு இணைந்த வரைகலைச் சில்லுக்கு எவ்வளவு ரேம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அங்கேயே காணலாம். தரவுத்தளத்துக்கென்றே வைத்திருக்கும் கணினியில் அதை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிவிடலாம்.

பழைய கணினிகளில் அடிக்கடி காண்பது, 64 பிட் செயலியின்மீது 32 பிட் இயங்குதளம் நிறுவப்பட்டிருப்பது. செயலி 64 பிட் என்றால், தரவுகளைக் காப்புப் படி எடுத்துவிட்டு இயங்குதளத்தை 64 பிட்டாக மாற்றி நிறுவுவது இந்த முகவரிச் சிக்கலை வேரோடு தீர்க்கும். ஆனால் 2 ஜிபிக்கும் குறைவான ரேம் உள்ள கணினியில் இதனால் பயன் குறைவு. 64 பிட் நிரல்கள் சற்றுக் கூடுதலாகவே நினைவகம் உண்ணும்.

படி 3: சரியான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

எஸ்கியூஎல் சர்வர் 2016 முதல் 64 பிட்டுக்கு மட்டுமே வெளிவருகிறது. 32 பிட் ஆதரவு 2014 பதிப்போடு முடிந்தது. விண்டோஸுக்கான மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பும் 64 பிட்டுக்கு மட்டுமே. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கான விண்டோஸ் நிறுவிகளில் 10ஆம் பதிப்புக்குப் பின் 32 பிட் கிடைப்பதில்லை. குறைந்தபட்சத் தேவைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸில் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு 512 எம்பி ரேம் குறைந்தபட்சம், 1 ஜிபி பரிந்துரை. பிற பதிப்புகளுக்கு 1 ஜிபி குறைந்தபட்சம், 4 ஜிபி பரிந்துரை. அதே மென்பொருள் லினக்ஸில் 2 ஜிபி இல்லாமல் தொடங்கவே மறுக்கும்.

32 பிட் கணினிக்காக ஆதரவு முடிந்த பழைய பதிப்பை நாட வேண்டிய நிலை வரலாம். கற்பதற்கும் சோதிப்பதற்கும் அது பரவாயில்லை. மற்றவர்களின் பெயர், கணக்கு, மருத்துவக் குறிப்பு போன்ற உண்மையான தரவுகளை, பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன மென்பொருளில் வைத்து இணையத்தோடு இணைக்காதீர்கள். நினைவகப் பிழையைத் தீர்க்கப்போய் அதைவிடப் பெரிய ஆபத்தை வரவழைத்ததாகிவிடும்.

படி 4: ரேம் நலமாக உள்ளதா என்று சோதியுங்கள்

பெரும்பாலோர் கடைசியில் செய்யும் இந்தச் சோதனையை இங்கேயே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழுதான ரேமின்மீது நிறுவப்பட்ட தரவுத்தளம் நின்றுபோனால்கூட நல்லதுதான். நிற்காமல் ஓடினால் தவறான மதிப்புகளை அமைதியாக வட்டில் எழுதிக்கொண்டே போகும். காப்புப் படிகளிலும் அந்தத் தவறே சேரும். பல மாதங்கள் கழித்துத் தெரியவரும்போது, எந்த நாளின் படி நம்பத்தக்கது என்று சொல்லவே வழி இருக்காது.

பழுதின் அடையாளங்கள் சில உண்டு. நிறுவல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கும். சுருக்கப்பட்ட கோப்பு சிதைந்துள்ளது என்று ஒருமுறையும், நினைவகத்தை அணுக முடியவில்லை என்று மறுமுறையும் செய்தி வரும். எளிய சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள்: பதிவிறக்கிய நிறுவல் கோப்பின் ‘எஸ்எச்ஏ-256’ சரிபார்ப்பு எண்ணை நான்கைந்து முறை கணக்கிடுங்கள். வெளியீட்டாளர் தந்த எண்ணிலிருந்து எல்லா முறையும் ஒரே மாதிரி வேறுபட்டால் பதிவிறக்கம் பழுது. மீண்டும் இறக்கினால் போதும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வந்தால், ஐயத்துக்குரியது வன்பொருள், அதிலும் முதலில் ரேம். நான் சரிசெய்த கணினி ஒன்றில் மூன்று நாள் தேடியும் பிடிபடாத கோளாறு, இந்தச் சோதனையின் மூன்றாவது முறையில் வெளிப்பட்டது.

உறுதி செய்துகொள்ள, விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனைக் கருவியையோ, யூஎஸ்பியிலிருந்து தொடங்கும் ‘மெம்டெஸ்ட்86+’ என்ற இலவசக் கருவியையோ இயக்குங்கள். ஒரு சுற்று போதாது; இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த நிலையில் தரவுத்தளம் நிறுவக் கூடாது. கணினியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, ரேம் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்தால், பழுது சில்லிலா பொருத்தும் துளையிலா என்பது தெரியும். தொடர்பு முனைகளில் படிந்த தூசியே காரணமாக இருந்து, கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதும் சரியாகிவிடுவதும் உண்டு.

ரேம் கூட்டுவதென்று முடிவு செய்தால், தாய்ப்பலகையின் கையேட்டில் அதிகபட்ச அளவைப் பார்த்த பின்பே வாங்குங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 ஆகிய ரேம் வகைகளின் வெட்டு இடங்கள் வேறு. ஒன்றின் துளையில் மற்றது பொருந்தாது.

படி 5: முந்தைய தோல்வியின் எச்சங்களை அகற்றுங்கள்

பாதியில் நின்ற நிறுவல், பின்னணியில் ஓடும் நிரலான சர்விஸ் ஒன்றையும் அரைகுறையான தரவுக் கோப்புறையையும் விட்டுச்சென்றிருக்கும். அடுத்த முயற்சி அவற்றின்மீது மோதித் தோற்கும்போது, அதையும் நினைவகப் பிழை என்றே நினைத்துவிடுவோம். மென்பொருளை முறையாக நீக்கி, சர்விஸ் பட்டியலில் அதன் பெயர் மறைந்ததை உறுதி செய்து, தரவுக் கோப்புறையை வேறு பெயருக்கு மாற்றி வையுங்கள். அழிக்காதீர்கள், அதில் முன்பு ஓடிய தரவுத்தளத்தின் கோப்புகள் இருந்தால் பிறகு வருந்த நேரிடும்.

படி 6: நிறுவும் நேரத்துக்கு இடம் தேடிக் கொடுங்கள்

நிறுவும்போது தேவைப்படும் நினைவகம், பின்னர் இயங்கும்போது தேவைப்படுவதைவிட மிகுதியாக இருப்பது வழக்கம். நிறுவி, கோப்புகளைப் பிரிக்கும் வேலை, புதிதாகத் தொடங்கும் தரவுத்தளம், இவற்றை எல்லாம் ஆராயும் நச்சுநிரல் தடுப்பு ஆகியவை ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கணினியை மறுதொடக்கம் செய்து, உலாவியைத் திறக்காமல், தானாகத் தொடங்கும் நிரல்களை நிறுத்திவிட்டு முயலுங்கள்.

லினக்ஸில் பலர் கவனிக்காத ஓர் இடம் தற்காலிகக் கோப்புறை. ஃபெடோரா 18ஆம் பதிப்பிலிருந்தும், டெபியன் 13ஆம் பதிப்பிலிருந்தும் அந்தக் கோப்புறையை இயல்பாக ரேமிலேயே வைக்கின்றன. 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் 900 எம்பி கோப்பை அங்கே பிரித்தால், ரேமில் பாதி அங்கேயே போய்விடும். நிறுவியை இயக்கும் முன் தற்காலிகக் கோப்புறைக்கான சூழல் மாறியை வன்தட்டில் உள்ள ஓர் இடத்துக்கு மாற்றிவிட்டால் இச்சிக்கல் தீரும்.

அடுத்தது பேஜ் ஃபைல். விண்டோஸ் ஒரு நிரலுக்கு நினைவகம் தருவதாக வாக்களிக்கும்போது, அந்த வாக்குகளின் கூட்டுத்தொகை ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. இதுவே ‘கமிட்’ எல்லை. ரேமில் காலியிடம் இருப்பதாக டாஸ்க் மேனேஜர் காட்டும்போதே 1455 பிழை வருவதற்குக் காரணம், வாக்குகள் எல்லையைத் தொட்டுவிட்டதுதான். வட்டில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக எவரோ எப்போதோ பேஜ் ஃபைலை அணைத்துவிட்ட பழைய கணினிகளில் இது சர்வசாதாரணம். 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் தொடக்க அளவையும் அதிகபட்ச அளவையும் 4096 எம்பி என்றே வைத்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

லினக்ஸில், 2 ஜிபி அளவில் கோப்பு ஒன்றை உருவாக்கி, நிர்வாகி மட்டும் படிக்கும்படி உரிமையை 600 என மாற்றி, ‘எம்கேஸ்வாப்’ கட்டளையால் வடிவமைத்து, ‘ஸ்வாப்ஆன்’ கட்டளையால் இயக்க வேண்டும். மறுதொடக்கத்துக்குப் பின்னும் நீடிக்க ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். லினக்ஸில் ஆரக்கிள் நிறுவி, தொடங்கும் முன்பே ஸ்வாப் அளவைச் சரிபார்க்கும்: ரேம் 1 முதல் 2 ஜிபி வரை என்றால் அதைப்போல் ஒன்றரை மடங்கும், 2 முதல் 16 ஜிபி வரை என்றால் ரேமுக்குச் சமமான அளவும் அது எதிர்பார்க்கும்.

ஸ்வாப் என்பது கடன் போன்றது. பழைய சுழல்தட்டில் அது மிக மெதுவாக இயங்குவதால், நினைவகப் பிழை மறைந்து, சர்விஸ் உரிய நேரத்தில் பதிலளிக்கவில்லை என்ற 1053 பிழை அதன் இடத்தில் வரலாம். சர்விஸ் தொடங்குவதற்கு விண்டோஸ் இயல்பாகக் காத்திருப்பது 30 நொடி மட்டுமே. அந்தக் கணினியில் செலவு செய்ய மனம் இருந்தால், சுழல்தட்டை எஸ்எஸ்டியாக மாற்றுவது இந்த இடத்தில் பெரிதும் உதவும்.

படி 7: தரவுத்தளத்தைக் குறைவாகக் கேட்கச் செய்யுங்கள்

எனக்குத் தெரிந்தவரை மிகுதியான பிழைகள் தீர்வது இந்தப் படியில்தான்.

மைஎஸ்கியூஎல்லின் விண்டோஸ் நிறுவி, கணினியின் வகையைக் கேட்கும்போது ‘டெவலப்மென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘டெடிகேட்டட்’ என்றால் இருக்கும் நினைவகத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். 1 ஜிபி கணினியில் இன்னோடிபி பஃபர் பூலை 64 எம்பியாகவும், அதிகபட்ச இணைப்புகளை இயல்பான 151லிருந்து 30ஆகவும் குறைக்கலாம். ‘பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா’ என்னும் அளவீட்டு வசதி 5.6.6 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. அதை அணைத்தால் கணிசமான இடம் மிஞ்சும். மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியில் அது இயல்பாகவே அணைந்திருக்கும்.

டெபியன், உபுண்டு வகைகளில் ஒரு சிக்கல் உண்டு. தொகுப்பு நிறுவப்பட்டதும் அதன் இறுதிக் கட்ட நிரல், தரவுத்தளத்தை உடனே தொடங்க முயலும். அது தோற்றால் தொகுப்பு பாதி அமைக்கப்பட்ட நிலையில் சிக்கிக்கொள்ளும். அப்போது நீக்கி மீண்டும் நிறுவுவதால் பயனில்லை. குறைத்த அளவுகளை அமைப்புக் கோப்பில் எழுதிச் சேமித்துவிட்டு, ‘டிபிகேஜி’ கட்டளையை அதன் ‘கன்ஃபிகர்’ தெரிவோடு இயக்கினால், விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தொடக்கத்தில் பல அளவுகளை முயன்று பார்த்து, பொருந்துவதைத் தானே தேர்ந்தெடுக்கும். தரவை ரேமில் வைக்கும் இடமான ‘ஷேர்டு பஃபர்ஸ்’ இயல்பாக 128 எம்பி. சிறிய கணினியில் 32 அல்லது 64 எம்பி போதும். 2013இல் வந்த 9.3 பதிப்புக்கு முந்தையவை என்றால், பகிர்வு நினைவகத் துண்டை உருவாக்க முடியவில்லை என்ற பிழை வரலாம். அது ரேம் பற்றாக்குறை அன்று. ‘எஸ்எச்எம்மேக்ஸ்’ என்ற கெர்னல் எல்லை சிறியதாக இருப்பது. அந்த எல்லையை உயர்த்தினால் போதும்.

எஸ்கியூஎல் சர்வரில் ‘டேட்டாபேஸ் என்ஜின்’ தவிர மற்ற எல்லாக் கூறுகளையும் விட்டுவிடுங்கள். மேலாண்மைக் கருவியை வேறொரு கணினியில் நிறுவிப் பிணையம் வழியாக இணையலாம். எஸ்கியூஎல் சர்வரின் அதிகபட்ச நினைவக அளவு இயல்பாக 2147483647 எம்பி, அதாவது எல்லையே இல்லை. 2 ஜிபி கணினியில் 768 எம்பி என்று வையுங்கள். 2019 பதிப்பிலிருந்து நிறுவும்போதே இதைக் குறிப்பிடலாம். முந்தையவற்றில் நிறுவிய கையோடு மாற்ற வேண்டும்.

ஆரக்கிளில் ஓஆர்ஏ-00845 என்ற பிழை வந்தால் உடனே ரேம் கூட்டத் தேவையில்லை. தானியங்கி நினைவக மேலாண்மை, லினக்ஸில் ரேமிலேயே அமையும் ‘டெவ்’ கோப்புறைக்குள் உள்ள ‘எஸ்எச்எம்’ பகுதியைப் பயன்படுத்துகிறது. அந்தப் பகுதியின் அளவு தரவுத்தளம் கேட்கும் இலக்கைவிடச் சிறியது என்பதே அதன் பொருள். பகுதியைப் பெரிதாக்குங்கள், அல்லது இலக்கைக் குறையுங்கள். பழைய கணினியில் இரண்டாவதே சரி.

படி 8: நிறுவியபின் சோதித்துப் பாருங்கள்

நிறுவல் முடிந்தது என்ற செய்தியை நம்பி உடனே உண்மைத் தரவுகளை ஏற்றாதீர்கள். கணினியை மறுதொடக்கம் செய்து, தரவுத்தளம் தானாக எழுகிறதா என்று பாருங்கள். சில இலட்சம் வரிசைகள் கொண்ட சோதனை அட்டவணை ஒன்றை உருவாக்கி, அதில் இன்டெக்ஸ் அமையுங்கள். நினைவகத்தை மிகுதியாகக் கேட்கும் வேலைகளுள் அதுவும் ஒன்று. அந்நேரத்தில் ஸ்வாப் பயன்பாடு தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் 7ஆம் படியின் அளவுகளை இன்னும் குறைக்க வேண்டும். பின்னர் காப்புப் படி ஒன்றை எடுத்து, அதை வேறொரு பெயரில் மீட்டெடுத்து, வரிசைகளின் எண்ணிக்கை ஒத்துவருகிறதா என்று சரிபாருங்கள்.

இத்தனைக்குப் பின்னும் பிழை நீங்காவிட்டால், அந்தக் கணினியில் சர்வர் வகைத் தரவுத்தளம் தேவைதானா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒருவரோ இருவரோ பயன்படுத்தும் நிரலுக்கு எஸ்கியூலைட் போதுமானது. அதற்கென்று தனியாக ஓடும் சர்விஸ் கிடையாது, முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கிவிடும், சில எம்பி நினைவகத்திலேயே வேலை நடக்கும். பலர் ஒரே நேரத்தில் எழுத வேண்டியிருந்தால் தரவுத்தளத்தை வலுவான வேறொரு கணினியில் வைத்து, பழையதில் இணைப்புக் கருவியை மட்டும் நிறுவிக்கொள்ளுங்கள்.